யார் முன்னால் துவைப்பது

என் அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அவள் கணவர், அதாவது என் மாமா, "டீ குடிக்கிற வேலை" என்பார். "அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டுற வேலை" என்பேன் நான். அடையாள அட்டையில் சமூகப் பணியாளர், நகர வீட்டு வசதித் துறை என்று அச்சடித்திருக்கும். அந்த அட்டையை அவள் கழுத்தில் மாட்டி நான் பார்த்ததில்லை. கைப்பைக்குள் வயிற்றெரிச்சல் மாத்திரைப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயிற்றெரிச்சலும் அந்த டீயால் வந்ததுதான்.

நான் அவர்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். புதுத்துணி தைப்பது குறைவு. பழையதைப் பிரிப்பது, சுருக்குவது, ஒட்டுப் போடுவது, இதுதான் என் பிழைப்பு. அக்கா சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். பாதி என் காதில் விழும், மீதியை மிஷின் சத்தம் விழுங்கிவிடும். அப்படி அரைகுறையாகக் கேட்டே அவள் உத்தியோகத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரிந்துபோயிற்று.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கூட்டம் போட மாட்டாள். கூட்டத்தில் வாயுள்ள நாலு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் திட்டுவார்கள் என்பது அவள் கட்சி. அதனால் வீடு வீடாகப் போவாள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவாள், கொடுத்ததைக் குடிப்பாள். வீட்டில் யாருக்கு இருமல், எந்தப் பெண்ணுக்கு வரன் தகையவில்லை, எந்த ஓரகத்தியோடு பேச்சு இல்லை என்பதையெல்லாம் கேட்டுக்கொள்வாள். வந்த காரியத்தைப் பல நாள் கழித்துத்தான் எடுப்பாள். குடியிருப்புகளில் அவளுக்கு 'டீ அக்கா' என்றே பெயர். துறையின் மேலதிகாரிகூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அவளிடம் கடைசியாக ஒப்படைத்த குடியிருப்பு, ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கும் நாலுமாடிக் கட்டடங்கள் மூன்று. அங்கே நாலு தினுசு மனிதர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சிலர். கடல் உள்ளே வந்து வீட்டைத் தின்றதால் கரையை விட்டு வந்தவர்கள் சிலர். சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி வந்தவர்கள் சிலர். மீதிப் பேர் "நாங்கதான் இங்க மொதல்லேருந்து இருக்கோம்" என்று சொல்லிக்கொள்ளும் உள்ளூர்க்காரர்கள். பேச்சு வேறு, சாமி வேறு, சமையல் வாசனை வேறு. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள், அதற்கு மேல் ஒட்டு உறவு கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு கழிவுநீர்க் குழாய்.

அந்தக் குழாய்தான் வினை. கட்டிய காலத்தில் இருந்த குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். இப்போது விடுமுறை நாளில் எல்லா வீட்டிலும் துணி துவைத்துத் தண்ணீரைக் கொட்டினால், குழாய் திணறி, கீழ்த்தளத்து மூலைவீட்டின் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கும். சோப்பு நுரையோடு மற்றதும் வரும். அந்த வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கடற்கரை ஆட்கள். அக்கா அந்தப் பெண்ணைக் 'கீழ்வீட்டம்மா' என்பாள். கணவருக்குக் கண் தெரியாது. இரண்டு தெரு தள்ளி ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். சுவரைத் தொட்டுக்கொண்டே தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவார். எந்தக் கடையின் படி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்தச் சந்தில் மிதிவண்டி வேகமாக வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருவர் கையையும் பிடிக்காமல் சம்பாதிக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு மிடுக்கு உண்டு என்று அக்கா சொல்வாள்.

துறை ஒரு முடிவெடுத்தது. அடுத்த ஆய்வுக்குள் பொங்குவது நிற்காவிட்டால் அந்த வீட்டை மூடிவிட்டு, அவர்களுக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு வீடு கொடுப்பது. காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு, புதுக் கட்டடம், உலர்ந்த தரை. ஆனால் மறுகோடிக்குப் போனால் அந்த மனிதர் ரொட்டிக் கடைக்கு வர முடியாது. புது இடத்தில் கண் தெரியாதவருக்கு வேலை தேடி, வழி பழகி, அதெல்லாம் இனி நடக்கிற காரியமில்லை. வீட்டோடு அடைந்து கிடக்க வேண்டியதுதான். கீழ்வீட்டம்மா இதை அக்காவிடம் அழாமல்தான் சொன்னாளாம்.

பொங்குவதை நிறுத்த ஒரு திட்டமும் வந்தது. அதற்கு 'நீடித்த வளர்ச்சி' என்று ஆரம்பிக்கும் நீளமான பெயர். "பேரு நீடிச்சிருக்கு, அது வரைக்கும் சரிதான்" என்றார் மாமா. விஷயம் எளிமையானது. முற்றத்தில் கூரை போட்டுத் துவைக்கும் கற்களும் குழாய்களும் வைப்பார்கள். எல்லோரும் கீழே வந்து துவைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பழைய குழாய்க்குப் போகாமல் சரளைக் கல்லும் நாணலும் போட்ட பாத்தி வழியாக வடிந்து ஒரு தொட்டியில் சேரும். அதை மேலே ஏற்றிக் கழிப்பறைகளுக்கு விடுவார்கள். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். நல்ல தண்ணீரும் மிச்சம், குழாயும் மூச்சுவிடும், கீழ்வீடும் நனையாது.

அக்கா வழக்கம்போல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவர்கூட மறுக்கவில்லை. எல்லோரும் சரி என்றார்கள். வீட்டுக்கு வந்து மாத்திரையை விழுங்கிக்கொண்டே, இவ்வளவு சுலபமாக எந்தக் குடியிருப்பும் சம்மதித்ததில்லை என்று பூரித்துப்போனாள். துவைக்கும் கூடம் திறந்தது. மேலதிகாரி ரிப்பன் வெட்டினார். அடுத்த விடுமுறை நாளில் அக்கா போய்ப் பார்த்தால் கற்கள் காய்ந்து கிடந்தன, ஈ காக்கை இல்லை. மேலே வீடுகளுக்குள் தப்தப்பென்று துணி அடிக்கும் சத்தம். கீழ்வீட்டில் கணுக்கால் வரை தண்ணீர்.

வீட்டுக்கு வந்தவளிடம், "டீ குடுத்த வீட்டுல மாட்டேன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்று கேட்டேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. மூக்கு உடைபட்டால் அவள் அப்படித்தான்.

துறையில் இதற்காகப் பெரிய ஆலோசனை நடந்தது. பன்முகச் சமூகங்களில் பணி செய்வது பற்றி மூன்று நாள் பயிற்சி எடுத்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள், அக்காவும் எடுத்தவள்தான். காரணத்தை ஒருமனதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். கலாச்சாரம். ஒரு கூட்டத்தார் துவைத்த கல்லில் இன்னொரு கூட்டத்தார் துவைக்கக் கூசுவார்கள், ஒருவர் பெண்களை இன்னொருவர் பார்ப்பது பிடிக்காது, ஆகவே தனித்தனி நாள். மலைக்காரர்களுக்கு ஒரு நாள், கடற்கரைக்காரர்களுக்கு ஒரு நாள், எல்லை தாண்டியவர்களுக்கு ஒரு நாள், உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு நாள். அட்டவணையை நாலு மொழியில், நாலு வண்ணத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். அக்காதான் பசை தடவினாள்.

அதுவரை ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு முறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஏன் விடுமுறை நாள், எங்களுக்கு ஏன் வேலை நாள் என்று ஒரு கூட்டம். எங்கள் காகிதத்துக்கு மட்டும் ஏன் அழுக்குப் பச்சை என்று இன்னொரு கூட்டம். ஏட்டிக்குப் போட்டியாக நாளைப் பிடித்து வைத்துக்கொண்டார்களே தவிர, தங்களுக்கென்று கொடுத்த நாளில் ஒருவரும் துவைக்க வரவில்லை. சண்டை போட்டு வாங்கிய விடுமுறை நாளிலும் கற்கள் காய்ந்தே கிடந்தன. எனக்குச் சிரிப்பாக வந்தது. அக்கா சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை.

விடுமுறை நாள் கடற்கரைக்காரர்களுக்குத்தான் கிடைத்திருந்தது. அன்று அவள் கீழ்வீட்டுக்குப் போனாள். அன்றும் தண்ணீர் ஏறியிருந்தது. கீழ்வீட்டம்மா முறத்தால் அதை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். குளியலறையில் ஒரு வாளி நிறைய அவள் வீட்டுத் துணி துவைத்துப் பிழிந்து இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். வீடே பறிபோகிற நிலையில் இருக்கிறவள், தன் கூட்டத்துக்கென்று ஒதுக்கிய நாளில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் கல்லுக்குப் போகவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம்.

"நீயே போகலைன்னா நான் யாரைம்மா போய்க் கேக்கறது?" என்றாள்.

கீழ்வீட்டம்மா முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாளாம்: "அக்கா, இன்னைக்கி எங்க நாளு. நான் போனா எங்க அண்ணி வருவாங்க, அவங்க அக்கா தங்கச்சி வருவாங்க. எல்லாம் எங்க ஆளுங்க. இவரைக் கட்டிக்காதன்னு ஊரே கூடிச் சொன்னவங்க. என் பாவாடையில ஒட்டு மேல ஒட்டு. போர்வைய விரிச்சா நடுவுல ஆள் நுழையலாம். அத அந்தக் கல்லுல போட்டு அவங்க முன்னாடி அடிக்கச் சொல்றீங்க. கண்ணு தெரியாதவனுக்குக் கழுத்த நீட்டினவ கதியப் பாருங்கன்னு ஊர் பூராப் பேசுவாங்க. அதுக்கு இந்தத் தண்ணியிலயே நிக்கலாம்."

மலைக்காரர்கள் பார்த்தால் பரவாயில்லையா என்று அக்கா கேட்டாள்.

"அவங்க பாத்தா எனக்கென்ன? அவங்களுக்கு என் கதையே தெரியாது."

அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றும்போது பேசவில்லை. என் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நம் தெருக்காரர்கள் உன்னிடம் கிழிசல் கொண்டுவருகிறார்களா என்று கேட்டாள். இந்தத் தெருவிலிருந்து ஜாக்கெட் தைக்க வருவார்கள், திரைச்சீலை கொண்டுவருவார்கள், கிழிசல் மட்டும் வராது என்றேன். என்னிடம் ஒட்டுப் போட வருகிறவர்கள் எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஜனம், அதுவும் பேப்பரில் சுற்றித்தான் எடுத்து வருவார்கள். நம் தெருக்காரர்கள் தங்கள் கிழிசலை எந்தத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்களோ, எனக்குத் தெரியாது. அக்கா தலையாட்டிக்கொண்டாள். பிறகு மற்ற வீடுகளிலும் போய்க் கேட்டுப் பார்த்தாள், இந்தமுறை எங்கும் உட்காராமல், எதையும் குடிக்காமல். நாலு மொழியிலும் பதில் ஒன்றுதான். மாமியார் பார்ப்பாள், ஓரகத்தி பார்ப்பாள், ஊர்க்காரி பார்ப்பாள். எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள்.

அட்டவணையை அவளே கிழித்தாள். புது ஏற்பாட்டில் ஒரு முறைக்கு நாலு வீடு, நாலும் நாலு கூட்டத்திலிருந்து. சொந்தக்காரர் இருவர் ஒரே முறையில் வந்துவிடக் கூடாது, ஒரே ஊர்க்காரரும் கூடாது. யாருக்கு யார் ஓரகத்தி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியுமே. குடித்த டீ எல்லாம் அன்றைக்குத்தான் உதவியது. மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. கலவரம் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆனாலும் முதலில் யார் இறங்கி வருவது என்று ஒரு கேள்வி இருந்தது. விடுமுறை நாள் காலையில் பார்க்கிறேன், அக்கா எங்கள் வீட்டு அழுக்குத்துணியை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவும் பொறுக்கி எடுத்து. மாமாவின் பனியன்கள், ஓரம் நைந்த துண்டு, அவளுடைய உள்பாவாடைகள், நான் எப்போதோ அவசரத்தில் ஒட்டுப் போட்ட படுக்கை விரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள் வீட்டுத் துணியா இது என்று நாலு பேர் கேட்டால் என் பிழைப்பு என்னாவது? இதையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஊரார் முன்னால் துவைக்க வேண்டுமா, நம் வீட்டு மானத்தைக் கப்பலேற்றத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்களா என்று கத்தினேன். மாமா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கத்துறது நீதானடி. அங்க ஒருத்தரும் கத்த மாட்டாங்க," என்றாள் அக்கா. மூட்டையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

திட்டிக்கொண்டேதான் போனேன். முற்றத்தில் வெயில் இறங்கியிருந்தது. அக்கா ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு துவைக்க ஆரம்பித்தாள். மேலே ஜன்னல்களில் தலைகள். வெகுநேரம் கழித்துக் கீழ்வீட்டம்மா வாளியோடு வந்தாள். நல்லதாக ஒரு துணியை மேலே விரித்து மூடியிருந்தாள். பிறகு மலைக்காரப் பெண் ஒருத்தி, அவள் வாளியிலும் அதேபோல் நல்ல துணி மேலே. உள்ளூர்க்கார அம்மாள் ஒருவர். எல்லை தாண்டி வந்தவர்களில் தனியாக இருக்கும் ஒரு டிரைவர். அவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடைசிக் கல்லில் உட்கார்ந்தார். அவரவர் மேல்துணியை மட்டும் திரும்பத் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் இருப்பதை யாரும் எடுக்கவில்லை.

அக்கா மாமாவின் பனியனை உதறிக் கொடியில் போட்டாள். சூரியன் அதற்குள் புகுந்து தரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீழ்வீட்டம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, இதுல மீன் புடிக்கலாம்" என்றாள்.

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மலைக்காரப் பெண்ணுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் எழுந்து வந்து பனியனின் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மலைக்காரப் பெண் தன் கல்லுக்குப் போய், வாளியின் அடியிலிருந்து ஒரு போர்வையை உருவி, போட்டியாக விரித்துக் காட்டினாள். அதன் முன்னால் மாமாவின் பனியன் புதுத்துணி. அதன் பிறகு ஒவ்வொருவரும் அடியில் இருந்ததை எடுத்தார்கள். உள்ளூர்க்கார அம்மாள் எங்கள் படுக்கை விரிப்பைத் திருப்பிப் பார்த்து, இந்த ஒட்டைப் போட்டது யார், ஏன் இப்படிக் கோணலாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டினாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. பல விடுமுறை நாள்கள் அக்கா மூட்டையோடு போனாள். வராதவர்கள் வராமலே இருந்தார்கள். குழாயடியில் ஒரு முறை பெரிய சண்டை வந்தது, சோப்புக்காக. ஆனாலும் ஒருவரைப் பார்த்து ஒருவராக இறங்கி வந்தார்கள். நாணல் வளர்ந்தது. கழிப்பறைகளுக்குத் துவைத்த தண்ணீர் ஏறியது. கீழ்வீட்டில் முதலில் தண்ணீரின் மட்டம் குறைந்தது, அப்புறம் குளியலறைக்குள்ளேயே நின்றது, அப்புறம் வருவதே இல்லை.

ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விடுமுறை நாளில் வந்தார். முற்றத்தில் எல்லாக் கற்களிலும் ஆள். கீழ்வீட்டுக் குளியலறையில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஓட்டையில் குச்சியை விட்டுப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார். வீட்டை மூட வேண்டியதில்லை என்று எழுதினார். துறையும் மகிழ்ந்துபோய் ஓர் அறிக்கை வெளியிட்டது. சமூகவாரியான கால அட்டவணையால் கிடைத்த வெற்றி என்று அதில் போட்டு, நாலு வண்ணக் காகிதங்களையும் மற்றக் குடியிருப்புகளுக்கு அனுப்பி வைத்தார்கள். அக்கா போய் அது தப்பு என்று சொன்னாள். அச்சாகிவிட்டதே என்றார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் மற்றக் குடியிருப்புகளுக்குப் போக எந்த பஸ் என்று மாமாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டுக்கு உத்தரவைக் கொடுக்கப் போனபோது நானும் உடன் போனேன். கீழ்வீட்டம்மா காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கும்பிடவில்லை, அழவில்லை. "ஒரு கை புடிங்க" என்றாள். அப்போதுதான் நான் அந்த அறையைச் சரியாகப் பார்த்தேன். கட்டில், அலமாரி, மேசை எல்லாம் செங்கல் அடுக்கின் மேல் நின்றன. கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் கீழே மூன்று செங்கல், பாசி பிடித்துக் கறுத்துப்போய். நானும் அக்காவும் தூக்கிப் பிடிக்க, அவள் குனிந்து ஒவ்வொன்றாக உருவினாள். பிறகு அத்தனை செங்கலையும் இடுப்பில் சுமந்து முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். எங்களைத் தொடவிடவில்லை.

அவள் கணவர் வரும்போது நாங்கள் வாசலில் நின்றோம். முழங்கை வரை மாவு. எங்கள் குரலைக் கேட்டு வாங்க என்றார். நேராகக் கட்டிலுக்குப் போய், எப்போதும் உட்காருகிற உயரத்தில் உட்காரப் போனவர், அதற்கும் கீழே சரிந்து கட்டிலில் தொப்பென்று விழுந்தார். பயந்துபோய் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கீழ்வீட்டம்மா ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை. அவர் கையைக் கீழே இறக்கி, கட்டில் காலைத் தடவிக்கொண்டே தரை வரை போனார். தரையைத் தடவினார். மறுபக்கத்துக் காலையும் தேடிப் பிடித்துத் தடவினார்.

"செங்கல் எங்க?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன்."

"தண்ணி வந்தா?"

"வராது. நாம போகல. இங்கதான் இருக்கோம்."

அவர் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கட்டிலிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து உட்கார்ந்தார். புது உயரத்தைப் பழகிக்கொண்டிருந்தார்.